தாக்குதல் வராத இரவுக்கும் ஒரு பயிற்சி: இணையப் பாதுகாப்புப் பகுப்பாய்வாளர்களுக்கான போலச்செய் பயிற்சி

2016 பெப்ரவரியில், பங்களாதேஷ் மத்திய வங்கியின் பெயரில் நியூயோர்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 போலிப் பணப் பரிமாற்றக் கட்டளைகள் அனுப்பப்பட்டன. அவற்றின் மொத்தப் பெறுமதி ஏறத்தாழ 951 மில்லியன் டொலர். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன, ஐந்து மட்டுமே நிறைவேறின. அந்த ஐந்தில் நான்கின் வழியாக 81 மில்லியன் டொலர் மணிலாவுக்குச் சென்று அங்குள்ள கசினோக்களில் கரைந்தது. எஞ்சிய ஒன்று, 20 மில்லியன் டொலருடன் கொழும்பிலுள்ள வங்கியொன்றை நோக்கி வந்தது. அந்தப் பணம் திருடர் கைக்குப் போகவில்லை. பெறுநராகக் குறிப்பிடப்பட்டிருந்த அறக்கட்டளையின் பெயரில் 'ஃபவுண்டேஷன்' என்று இருக்கவேண்டிய இடத்தில் 'ஃபேண்டேஷன்' என்று இருந்ததை, பணம் கடந்துவந்த ஜேர்மனிய வங்கி கவனித்து விளக்கம் கேட்டது. இலங்கைக் கணக்கொன்றுக்கு அத்தனை பெரிய தொகை வருவதும் ஐயத்தை எழுப்பியது.

அதே நாட்களில் டாக்காவில் வேறொன்று நடந்தது. வங்கிகள் தமக்கிடையே பணக் கட்டளைகளை அனுப்பும் வலையமைப்பான சுவிப்டின் பரிமாற்றச் சான்றுகளைத் தானாக அச்சிட்டுத் தரும் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. இத்தகைய கோளாறு முன்பும் ஏற்பட்டிருந்ததால், பணியிலிருந்தவர்கள் அதை வழமையான பழுதாகவே எடுத்துக்கொண்டனர். உண்மையில், தாக்கியவர்கள் நுழைத்திருந்த தீநிரலே, அதாவது தீங்கு செய்யும் மென்பொருளே, சான்றுகள் அச்சாகாதபடி செய்திருந்தது.

டாக்கா ஊழியர்களை இன்று குறைகூறுவது எளிது. ஆயினும் அச்சுப்பொறிகள் நாள்தோறும் பழுதாகின்றன. பெயர்களில் எழுத்துப்பிழைகளும் நாள்தோறும் நேர்கின்றன. பழுதான ஒவ்வோர் அச்சுப்பொறியையும் தாக்குதல் என்று கொள்பவரால் ஒரு கிழமைகூட வேலை செய்ய முடியாது. சிறிய பிறழ்வு ஒன்றைக் கண்டதும் அது வெறும் பழுதா, தொடரவேண்டிய தடயமா என்று குறைந்த நேரத்தில், குறைந்த தகவலுடன் முடிவெடுப்பதே இணையப் பாதுகாப்புப் பகுப்பாய்வாளரின் தொழில். அந்தத் தொழிலை விரிவுரை கேட்டும் கற்கமுடியாது, கருவிகளின் கையேட்டைப் படித்தும் கற்கமுடியாது என்பதனாலேயே போலச்செய் பயிற்சி தோன்றியது. துறையினர் இதனை சிமியுலேஷன் என்றே அழைப்பார்கள். சூழலும் கருவிகளும் உண்மையானவற்றைப் போலவே இருக்கும். தாக்குதல் மட்டும் பயிற்றுநரால் திட்டமிடப்பட்டதாக இருக்கும். தவறு செய்தால் எவருடைய பணமும் போகாது.

பகுப்பாய்வாளர் முன்னால் இருப்பது என்ன?

கொழும்பிலுள்ள வங்கிகளும் தொலைத்தொடர்பு நிறுவனங்களும், வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குச் சேவை வழங்கும் மென்பொருள் நிறுவனங்களும் பாதுகாப்புச் செயற்பாட்டு மையங்களை நடத்துகின்றன, அல்லது அத்தகைய மையமொன்றின் சேவையைக் கட்டணம் செலுத்திப் பெறுகின்றன. பேச்சுவழக்கில் இதற்கு 'சொக்' என்று பெயர். அங்கே இரவு பகலாக முறைவேலையில் அமர்ந்திருப்பவர்கள் கணினிகள், சேவையகங்கள், மின்னஞ்சல் நுழைவாயில், தீச்சுவர் ஆகியவற்றிலிருந்து வந்துசேரும் பதிவுகளைப் பார்க்கிறார்கள். அவற்றையெல்லாம் ஓரிடத்தில் திரட்டி, விதிகளுக்கேற்ப எச்சரிக்கை எழுப்பும் மென்பொருளை 'சீம்' என்பார்கள். எச்சரிக்கை வந்ததும் அதைத் திறந்து பார்த்து, பொய்யெனில் மூடுவதும் மெய்யெனத் தோன்றினால் அடுத்த நிலைப் பகுப்பாய்வாளருக்கு உயர்த்துவதும் முதல்நிலைப் பகுப்பாய்வாளரின் பணி.

கேட்பதற்கு எளிதாக இருக்கும் இந்த வேலை ஏன் கடினமானது என்பதை ஒரு சிறு கணக்கு காட்டும். ஓர் இரவில் 10,000 நிகழ்வுகள் பதிவாகின்றன என்றும், அவற்றுள் 10 மட்டுமே தாக்குதலின் பகுதி என்றும் வைத்துக்கொள்வோம். எச்சரிக்கைக் கருவி 99 வீதம் துல்லியமானது, அதாவது தாக்குதலையும் 99 வீதம் பிடிக்கிறது, சாதாரண நிகழ்வையும் 99 வீதம் சரியாக விட்டுவிடுகிறது என்றும் கொள்வோம். அப்படியிருந்தும், சாதாரணமான 9,990 நிகழ்வுகளில் ஒரு வீதமாகிய ஏறத்தாழ 100 நிகழ்வுகளுக்குப் பொய் எச்சரிக்கை எழும். மெய்யானவை 10 அளவில் எழும். பகுப்பாய்வாளர் முன் வரும் 110 எச்சரிக்கைகளில் பதினொன்றுக்கு ஒன்றுதான் மெய். நடைமுறையில் கருவிகள் இத்தனை துல்லியமாக இருப்பதில்லை. தாக்குதல்களும் இத்தனை அடிக்கடி நிகழ்வதில்லை. ஆகவே மெய் எச்சரிக்கையின் விகிதம் இதைவிட மிகக் குறைவாகவே இருக்கும்.

இதைவிடப் பெரிய இடர்ப்பாடு ஒன்றுண்டு. பகுப்பாய்வாளர் ஓர் எச்சரிக்கையைப் பொய்யென்று மூடிவிட்டால், தாம் எடுத்த முடிவு சரியா தவறா என்பது பெரும்பாலும் அவருக்குத் தெரியவே வராது. சரியாக மூடியிருந்தாலும் ஒன்றும் நடக்காது. தவறாக மூடியிருந்தாலும் பல மாதங்களுக்கு ஒன்றும் நடக்காமல் இருக்கலாம். விடைத்தாளைத் திருத்தித் தராத பரீட்சையை ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருப்பவருக்குத் தன்னம்பிக்கை வளரும். அறிவு வளருமென்று சொல்லமுடியாது. போலச்செய் பயிற்சியின் உண்மையான பெறுமதி இங்கேதான் இருக்கிறது. அங்கே எது தாக்குதல், எது வெறும் இரைச்சல் என்பது பயிற்றுநருக்கு முன்கூட்டியே தெரியும். எனவே பயிலுநர் எடுத்த ஒவ்வொரு முடிவையும் உண்மையோடு ஒப்பிட்டுக் காட்டமுடியும். பரபரப்பான திரைகளையும் சிவப்பு விளக்குகளையும் பயிற்சியின் சாரமென்று விளம்பரங்கள் காட்டுகின்றன. என் கணிப்பில் அவை அலங்காரம் மட்டுமே.

வகைகள்

மிக எளிய வகை மேசைப் பயிற்சி. கணினி எதுவும் தேவையில்லை. பயிற்றுநர் நிகழ்வொன்றை விவரிப்பார், சுற்றியிருப்பவர்கள் தாம் அடுத்து என்ன செய்வோம் என்று சொல்வார்கள். அடுத்தது, முன்னரே நிகழ்த்திப் பதிவுசெய்த தாக்குதல் ஒன்றின் தரவுகளைக் கொடுத்து, நடந்தது என்னவென்று கண்டுபிடிக்கச் சொல்வது. ஸ்பிளங்க் நிறுவனம் தன் 'பாஸ் ஒஃப் த சொக்' போட்டிகளின் தரவுத் தொகுதிகளை இவ்வாறு இலவசமாக வெளியிட்டிருக்கிறது. மூன்றாவது வகை சைபர் ரேஞ்ச் எனப்படும் பயிற்சிக்களம். நிறுவனமொன்றின் வலையமைப்பு முழுவதையும் மெய்நிகர் இயந்திரங்களால், அதாவது கணினிக்குள் மென்பொருளாலேயே உருவாக்கப்படும் கணினிகளால், கட்டியெழுப்பி, சிவப்பு அணி தாக்க, நீல அணி காக்க, வெள்ளை அணி நடுவராக இருந்து நடத்துவது.

பெரிய அளவில் நாடுகளுக்கிடையிலும் இவை நடக்கின்றன. எஸ்தோனியத் தலைநகர் தாலினிலுள்ள நேட்டோ கூட்டு இணையப் பாதுகாப்பு மையம் 2010 முதல் நடத்திவரும் 'லொக்ட் ஷீல்ட்ஸ்' பயிற்சியில், பெரிலியா என்றொரு கற்பனைத் தீவு நாட்டின் வலையமைப்புகளை அணிகள் காக்கவேண்டும்; தொழில்நுட்பத்தோடு சட்ட வினாக்களுக்கும் ஊடகங்களின் கேள்விகளுக்கும் பதிலளிக்கவேண்டும். நம் நாட்டின் கணினி அவசரப் பதிற்செயல் அணியாக 2006 இல் தொடங்கப்பட்ட ஸ்ரீலங்கா சேர்ட் நிறுவனம், ஆசிய பசிபிக் நாடுகளின் அவசரப் பதிற்செயல் அணிகள் ஆண்டுதோறும் நடத்தும் கூட்டுப் பயிற்சியில் பங்குபற்றி வருகிறது.

தொடக்கநிலையினருக்கு இந்த வகைப்பாடு அத்தனை முக்கியமானதன்று. ஒரு நல்ல பயிற்சியின் உள்ளே என்ன நிகழ்கிறது என்பதைப் பார்ப்பதே பயன்தரும்.

ஒரு பயிற்சி இரவு

கற்பனை வங்கி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைமையகம் கொழும்புக் கோட்டையில் இருக்கிறது. கிளைகளுள் ஒன்று வவுனியாவில். பயிற்சிக்குத் தெரிவுசெய்யப்பட்ட பொழுது, பொது விடுமுறையான வெசாக் போயாவுக்கு முந்தைய இரவு. அந்தத் தெரிவுக்குக் காரணமுண்டு. பங்களாதேஷ் திருட்டுக்கான கட்டளைகள் அனுப்பப்பட்டது 2016 பெப்ரவரி 4, வியாழன் இரவு. அடுத்த இரண்டு நாட்களும் அந்நாட்டின் வார இறுதி. கூகுள் டொட் எல்கே உட்பட இலங்கை இணைய முகவரிகள் சில வேறொரு பக்கத்துக்குத் திருப்பிவிடப்பட்டது 2021 பெப்ரவரி 6, சனிக்கிழமை. இலங்கை அரசாங்க மேகக்கணிமையை, தரவுகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் பணயத் தீநிரல் தாக்கியது 2023 ஓகஸ்ட் 26; அதுவும் சனிக்கிழமை. அலுவலகம் நிறைந்திருக்கும் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு நடத்தப்படும் பயிற்சி, அலுவலகம் நிறைந்திருக்கும் செவ்வாய்க்கிழமை காலைக்கு மட்டுமே ஆட்களைத் தயார்ப்படுத்தும்.

பயிற்சிக்களத்தில் முதலில் உருவாக்கப்படவேண்டியது இரைச்சல். ஊழியர்களைப் போல மின்னஞ்சல் திறக்கும், இணையத்தில் உலவும், கோப்புகளை அச்சிடும் தானியங்கி நிரல்கள் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கவேண்டும். இரவு 7.50 மணிக்கு முதல் எச்சரிக்கை வருகிறது: பெண் உத்தியோகத்தர் ஒருவரின் கணக்கில் பத்து நிமிடங்களுக்குள் பல தோல்வியுற்ற நுழைவு முயற்சிகள். விண்டோஸ் பதிவுகளில் தோல்வியுற்ற நுழைவின் இலக்கம் 4625. வெற்றிகரமான நுழைவின் இலக்கம் 4624. கடவுச்சொல்லை ஊகிக்கும் தாக்குதல் என்று பயிலுநர் துள்ளியெழலாம். ஆனால் அந்த உத்தியோகத்தர் அன்று மாலையில்தான் கடவுச்சொல்லை மாற்றியிருக்கிறார். அவருடைய கைத்தொலைபேசியில் சேமிக்கப்பட்ட பழைய கடவுச்சொல் திரும்பத் திரும்ப முயன்றுகொண்டிருக்கிறது. கடவுச்சொல் மாற்றப்பட்ட பதிவையும் முயற்சிகள் வரும் சாதனத்தையும் பார்ப்பவருக்கு இது சில நிமிட வேலை. பார்க்காதவர் நள்ளிரவில் அந்த அம்மையாரைத் தொலைபேசியில் எழுப்புவார்.

இரவு 10.15 மணிக்கு நூற்றுக்கணக்கான எச்சரிக்கைகள் ஒருசேரக் கொட்டுகின்றன. வங்கியின் சொந்தப் பாதுகாப்புப் பரிசோதனை மென்பொருள் அந்த நேரத்தில் வலையமைப்பை வருடும் என்று பணி அட்டவணையில் எழுதப்பட்டிருக்கிறது. அட்டவணையைப் பார்த்தால் போதும். ஆனால் முற்றாக ஒதுக்கிவிடவும் கூடாது. இத்தகைய கொட்டலின் நடுவே தன் தடத்தை மறைப்பது தாக்குபவருக்கு வசதியானது.

அதிகாலை 1.10 மணிக்கு வருவது ஒரே ஓர் எச்சரிக்கை. அதன் முக்கியத்துவ நிலை 'குறைவு' என்றே காட்டுகிறது. கடன் பிரிவு ஊழியர் ஒருவரின் கணக்கிலிருந்து கோப்புச் சேவையகத்துக்குள் வெற்றிகரமான நுழைவு, 4624. நுழைவு வகை 10, அதாவது தொலைவிலிருந்து மேசைத்திரையைத் திறந்து நுழைந்திருக்கிறார். கடவுச்சொல் சரியானது. விதி எதுவும் மீறப்படவில்லை. போயா தினத்து அதிகாலையில் கடன் பிரிவு ஊழியர் கோப்புச் சேவையகத்தில் என்ன செய்கிறார் என்ற கேள்வியை எந்த மென்பொருளும் கேட்காது, பகுப்பாய்வாளர்தான் கேட்கவேண்டும்.

அவர் அந்த ஊழியரின் கணினிக்குப் பின்னோக்கிச் செல்கிறார். அங்கே பிற்பகல் 3.58 மணிக்கு, வேர்ட் மென்பொருள் பவர்ஷெல் நிரலைத் தொடக்கிவைத்ததாகப் பதிவொன்று இருக்கிறது. ஆவணம் தட்டச்சு செய்யும் மென்பொருளுக்குக் கணினியின் நிர்வாகக் கட்டளைகளை ஓட்டும் நிரலோடு வழமையாக எந்த வேலையும் இல்லை. அந்தக் கட்டளையும் நேரடியாக வாசிக்க முடியாதபடி குறியாக்கப்பட்டிருக்கிறது. அந்த நேரத்திலிருந்து 60 செக்கனுக்கு ஒருமுறை, வெளியிலுள்ள ஒரே முகவரிக்குச் சிறிய இணைப்பொன்று சென்றுவருகிறது. இதுவும் தனித்து நின்று எதையும் நிறுவாது. வைரஸ் தடுப்பு மென்பொருளும் இதேபோல ஒழுங்கான இடைவெளியில் தன் தாய்நிறுவனத்தோடு பேசுவதுண்டு.

அடுத்து, அந்த ஆவணம் எங்கிருந்து வந்தது என்று மின்னஞ்சல் நுழைவாயிலில் தேடுகிறார். ஐயத்துக்குரிய மின்னஞ்சலொன்று கிடைக்கிறது. ஆனால் அதன் நேரம் முற்பகல் 10.25. கணினியில் நிகழ்ந்ததோ பிற்பகல் 3.58. இடையில் ஐந்தரை மணித்தியாலம் இருப்பதால் இரண்டுக்கும் தொடர்பில்லை என்று பலர் இந்த இடத்தில் அந்தத் தடத்தைக் கைவிடுவார்கள். நுழைவாயில் யூடிசி எனப்படும் சர்வதேச நேரத்தில் பதிவுசெய்கிறது. கணினியின் பதிவைத் திரை இலங்கை நேரத்தில் காட்டுகிறது. ஐந்தரை மணித்தியாலத்தைக் கூட்டினால் மின்னஞ்சல் வந்தது பிற்பகல் 3.55; மூன்று நிமிடத்தில் ஆவணம் திறக்கப்பட்டிருக்கிறது. நேர வலயத்தைப் பாடமாகப் படித்தவர்கள் எல்லோருக்கும் இது தெரியும். அதிகாலை 1.30 மணிக்கு, களைத்த கண்களுடன், நினைவுக்கு வருமா என்பதே வினா. அதை அதிகாலை 1.30 மணிக்கே சோதிக்கமுடியும்.

இனி முடிவு. அந்தக் கணினியை வலையமைப்பிலிருந்து துண்டிப்பதா, நிறுத்திவிடுவதா? நிறுத்தினால் நினைவகத்தில் மட்டும் இருக்கும் தடயங்கள் அழிந்துபோகும். ஆகவே மின்னிணைப்பைப் பிடுங்காமல் வலையமைப்பிலிருந்து மட்டும் தனிமைப்படுத்துவதே பெரும்பாலும் நல்ல முதற்படி. கோப்புச் சேவையகத்தை என்ன செய்வது? அதைத் துண்டித்தால் கிளைகளின் வேலை நின்றுபோகும்; துண்டிக்காவிட்டால் தாக்குபவர் உள்ளேயே இருப்பார். அந்த அதிகாரம் முதல்நிலைப் பகுப்பாய்வாளருக்கு இல்லை. அதிகாரமுள்ள முகாமையாளரின் தொலைபேசி அணைக்கப்பட்டிருக்கிறது, ஏனெனில் பயிற்றுநர் அவ்வாறு அணைத்துவைக்கச் சொல்லியிருக்கிறார். பயிலுநர் தயங்கிக்கொண்டிருக்கும்போதே சேவையகத்தில் 1102 என்ற இலக்கத்துடன் ஒரு பதிவு தோன்றுகிறது: பாதுகாப்புப் பதிவேடு அழிக்கப்பட்டது. தடயத்தை அழிக்கும் செயலும் விண்டோஸில் ஒரு தடயத்தை விட்டே செல்கிறது.

அதிகாலை 2.20 மணிக்கு வவுனியாக் கிளையிலிருந்து வரும் பதிவுகள் முற்றாக நின்றுவிடுகின்றன. தாக்குபவர் அங்கும் போய்விட்டாரா? அல்லது மின்சாரம் போய்விட்டதா? வெளிநாட்டில் தயாரிக்கப்பட்ட பயிற்சிகளில் இந்தக் கேள்வி அநேகமாக வருவதில்லை. 2022 இன் நீண்ட மின்வெட்டுகளைக் கடந்துவந்த நமக்கு இதுவே முதற்கேள்வி. 2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டபோது, பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் பட்டதே காரணம் என்று அமைச்சர் கூறினார். அந்த ஞாயிறன்று பதிவுகள் நின்றுபோன இடமெல்லாம் ஹேக்கரைத் தேடியிருக்கக்கூடிய ஒருவரை எண்ணிப்பார்க்கையில் சிரிப்பு வருகிறது; ஆனால் மின்வெட்டுதானே என்று எல்லா மௌனத்தையும் விட்டுவிடுபவர் அவரைவிட ஆபத்தானவர். கிளைக்குத் தொலைபேசி எடுத்துக் காவலாளியிடம் விளக்கு எரிகிறதா என்று கேட்பது, எந்தக் கருவியாலும் தரமுடியாத விடையை ஒரு நிமிடத்தில் தந்துவிடும். அந்தக் காவலாளி தமிழில் பேசுவார். கொழும்பில் முகாமையாளர் சிங்களத்தில் பேசுவார். அறிக்கை ஆங்கிலத்தில் எழுதப்படவேண்டும். மூன்று மொழிகளுக்கிடையில் தகவல் சிதையாமல் கைமாறுவதையும் பயிற்சியில் சேர்க்காவிட்டால் அது கொழும்புக்கான பயிற்சியாக இராது.

தாக்குதலே இல்லாத பயிற்சி

இத்தகைய பயிற்சிகளில் பரவலாகக் காணப்படும் குறை ஒன்றைச் சொல்லவேண்டும். பயிற்சிக்கு வந்தமர்பவருக்குத் தாக்குதல் நிச்சயம் வரும் என்பது தெரியும். எனவே அவர் எல்லாவற்றையும் ஐயுறுவார், ஐயுற்ற ஒன்று தாக்குதலாகவே அமையும், பாராட்டும் கிடைக்கும். மேலே பார்த்த கணக்கை நினைவுகூர்ந்தால் இதன் தீங்கு விளங்கும். உண்மையான இரவுகளில் பெரும்பாலானவற்றில் ஒன்றும் நடப்பதில்லை. எப்போதும் தாக்குதலோடு பயின்றவர் வேலைக்குச் சென்ற முதல் மாதத்தில் எல்லாவற்றையும் மேல்நிலைக்கு உயர்த்துவார். இரண்டாவது மாதத்தில் சலித்துப்போய் எல்லாவற்றையும் மூடுவார்.

ஆகவே பயிற்சித் தொடரில் சில அமர்வுகளில் தாக்குதலே இருக்கக்கூடாது. எது அவ்வாறான அமர்வு என்பது பயிலுநருக்குத் தெரிந்திருக்கவும் கூடாது. கடவுச்சொல் மாற்றிய அம்மையாரும், வருடும் பரிசோதனை மென்பொருளும், விடுமுறையிலும் வேலை செய்யும் உண்மையான ஊழியரும், மின்வெட்டும் மட்டும் இருக்கும் ஓர் இரவு. அந்த இரவின் முடிவில், "இங்கே தாக்குதல் இல்லை, நான் பார்த்தவை இவை, பார்க்க முடியாதவை இவை" என்று சான்றுடன் எழுதித் தருவது, தாக்குதலைக் கண்டுபிடிப்பதற்குச் சற்றும் குறையாத திறன். வெற்றுக்கையுடன் வெளியேறும் பயிலுநர்கள் கட்டணத்துக்கு என்ன கிடைத்தது என்று முணுமுணுப்பார்கள் என்பதால், வணிகமுறையில் பயிற்சி நடத்துவோர் இதைச் செய்யத் தயங்குவது புரிந்துகொள்ளக்கூடியதே.

இன்னொரு வகைப் பயிற்சியும் அரிதாகவே நடத்தப்படுகிறது. 2021 இல் இலங்கை இணைய முகவரிகள் திருப்பிவிடப்பட்டபோது, கோளாறு இருந்தது முகவரிகளைப் பதிவுசெய்யும் மட்டத்தில். அவ்வாறான தாக்குதலில் பாதிக்கப்பட்ட நிறுவனம் தன் சேவையகத்தைத் துருவித் துருவித் தேடினாலும் அங்கே எந்தத் தடயமும் இராது. வாடிக்கையாளர்கள் வேறெங்கோ போய்க்கொண்டிருப்பார்கள். தன் எல்லைக்கு வெளியே நிகழும் கோளாற்றைத் தன் பதிவுகளில் தேடி நேரத்தை இழக்காமல், யாருக்கு முதலில் அறிவிப்பது என்று தெரிந்திருப்பதும் பழகவேண்டிய ஒன்று. அவ்வாறே, மீட்டெடுப்பையும் நிகழ்த்திப் பார்க்கவேண்டும். 2023 தாக்குதலில் அரசாங்க மின்னஞ்சல் கணக்குகளின் மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான தரவுகள் இழக்கப்பட்டன. இணைப்பிலிருந்த காப்புப்பிரதியும் சேர்ந்தே பாதிக்கப்பட்டது, இணைப்பில்லாத காப்புப்பிரதி அந்தக் காலத்துக்கு இருக்கவில்லை. காப்புப்பிரதி இருக்கிறதா என்று மேசையைச் சுற்றியிருந்து கேட்டால் எல்லோரும் ஆம் என்பார்கள். அதிலிருந்து ஒரு சேவையகத்தை மீளக் கட்டிக்காட்டுங்கள் என்று கேட்கும் பயிற்சியே உண்மையை வெளிக்கொணரும்.

பின்னாய்வு

பயிற்சி முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலே அதன் பாதிப்பெறுமதி. நேரமில்லை என்று இதைச் சுருக்குவது, பரீட்சை வைத்துவிட்டு விடைத்தாள்களைக் கிழித்தெறிவதற்கு ஒப்பாகும். நல்ல பயிற்றுநர் தாக்குதலின் உண்மைக் காலவரிசையை ஒரு பக்கத்திலும் பயிலுநர் செய்தவற்றை மறுபக்கத்திலும் வைத்துக் காட்டுவார். தாக்குபவரின் ஒவ்வொரு படியையும் பொதுவான பெயர்களால் குறிப்பதற்கு, மைட்டர் நிறுவனம் 2015 இல் பொதுவெளிக்குக் கொண்டுவந்த 'அட்டாக்' அட்டவணை இன்று உலகெங்கும் பயன்படுகிறது. எந்தப் படியைக் கண்டார்கள், எதைத் தவறவிட்டார்கள், தவறவிட்டதற்குக் காரணம் பதிவு இல்லாமையா, எச்சரிக்கை விதி இல்லாமையா, அல்லது கண்முன் இருந்தும் கவனிக்காமையா என்று பிரித்தறிவது முக்கியம். முதல் இரண்டும் நிறுவனத்தின் குறை. அதற்காகப் பயிலுநரைக் கடிந்துகொள்வதில் பயனில்லை.

கண்டுபிடிக்க எடுத்த நேரம், கட்டுப்படுத்த எடுத்த நேரம் ஆகியவற்றை எண்களாகக் குறிப்பது வழக்கம். அவை பயனுள்ளவை; ஆனால் வேகத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் எல்லோரும் முதல் எச்சரிக்கையிலேயே கணினிகளைத் துண்டிக்கத் தொடங்குவார்கள். முடிவெடுத்த கணத்தில் கையிலிருந்த தகவலுக்கு அந்த முடிவு பொருத்தமானதா என்றே கேட்கவேண்டும். பொருத்தமான முடிவு தவறான விளைவைத் தருவதும், அசட்டையான முடிவு தற்செயலாகச் சரியாகிவிடுவதும் உண்டு. பின்னையது பாராட்டப்பட்டால், பயிற்சி தீய பழக்கத்தைக் கற்பித்ததாகிவிடும்.

வீட்டிலிருந்து தொடங்குவது

முதலில் சட்டம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, அனுமதியின்றி மற்றொருவரின் கணினிக்குள் நுழைவது குற்றம். பயிற்சிக்காகச் செய்தேன் என்பது தற்காப்பாகாது. எனவே தாக்குதல் முயற்சிகள் யாவும் சொந்தக் கணினிக்குள் அடைக்கப்பட்ட மெய்நிகர் வலையமைப்பில் மட்டுமே நடக்கவேண்டும். வேலைசெய்யும் இடத்தின் உண்மையான வாடிக்கையாளர் தரவுகளைப் பயிற்சிக்குப் பயன்படுத்துவதும் கூடாது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை இவ்விடத்தில் மனதிற்கொள்ளவேண்டும்.

16 ஜிபி நினைவகமுள்ள மடிக்கணினி ஒன்று போதும். வேர்ச்சுவல்பொக்ஸ் மென்பொருளை நிறுவி, அதில் இரண்டு மெய்நிகர் இயந்திரங்களை அமைக்கலாம்: ஒன்றில் வாசூ எனப்படும் திறந்தமூலக் கண்காணிப்பு மென்பொருள், இதற்கு 8 ஜிபி ஒதுக்கவேண்டும், மற்றையதில் மைக்ரோசொஃப்ட் 90 நாட்களுக்கு இலவசமாகத் தரும் விண்டோஸ் மதிப்பீட்டுப் பதிப்பு. விண்டோஸில் சிஸ்மொன் என்ற இலவசக் கருவியை நிறுவினால், எந்த நிரல் எந்த நிரலைத் தொடக்கியது என்பது விரிவாகப் பதிவாகும். தாக்குதல் படிகளைப் பாதுகாப்பான சிறு துண்டுகளாக நிகழ்த்திக் காட்ட அட்டமிக் ரெட் டீம் என்ற திறந்தமூலத் தொகுப்பு இருக்கிறது. மடிக்கணினிக்கு வசதியில்லாதவர்கள் ட்ரைஹெக்மீ, லெட்ஸ்டிஃபெண்ட் போன்ற தளங்களின் இலவசப் பகுதிகளை உலாவியிலேயே பயன்படுத்தலாம்; அவை கருவிகளைப் பழக்குவதற்கு நல்லவை. ஆனால் அவற்றில் கேள்வி முன்கூட்டியே கேட்கப்பட்டு, விடை இருப்பது உறுதியாகவும் இருப்பதால், கருவியைப் பழகியதைத் தீர்ப்பைப் பழகியதாக எண்ணிவிடக்கூடாது.

இருவர் சேர்ந்து பயில்வது தனியே பயில்வதைவிடச் சிறந்தது. ஒருவர் மற்றவரின் மடிக்கணினியில் அரை மணித்தியாலம் இருந்து சாதாரண வேலைகளைச் செய்வார். விரும்பினால் அவற்றின் நடுவே அட்டமிக் ரெட் டீம் படிகளில் ஒன்றிரண்டை நிகழ்த்துவார், விரும்பாவிட்டால் ஒன்றும் செய்யமாட்டார். செய்தது எதுவாயினும் நேரத்துடன் ஒரு தாளில் எழுதி உறையிலிடுவார். மற்றவர் வாசூவின் பதிவுகளை மட்டும் பார்த்து ஒரு பக்க அறிக்கை எழுதவேண்டும்: தாக்குதல் நடந்ததா, எத்தனை வீதம் உறுதி, எந்தப் பதிவு அதற்குச் சான்று, வேறு என்ன விளக்கம் இருக்கக்கூடும். உறுதி வீதத்தை எழுதுவதை விட்டுவிடக்கூடாது. 90 வீதம் உறுதி என்று எழுதிய இடங்களில் பத்தில் ஒன்பது தடவை சரியாக இருக்கிறோமா, அல்லது ஆறு தடவை மட்டும்தானா என்பது சில வாரங்களில் தெரியவரும். பின்னையதானால் சான்றைத் தேடுவதை எந்த இடத்தில் நிறுத்திவிடுகிறோம் என்று பழைய அறிக்கைகளில் தேடலாம். கொழும்பில் இத்துறை வேலைக்கான நேர்முகத் தேர்வுகளுக்குப் பலரும் சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டு போகிறார்கள். தவறாகத் தீர்ப்பளித்த அறிக்கை ஒன்றையும், அது ஏன் தவறியது என்ற குறிப்பையும் சேர்த்துக் கொண்டுபோகும் விண்ணப்பதாரியிடம், தேர்வாளருக்குக் கேட்பதற்கு நல்ல கேள்விகள் இருக்கும்.